தேவயானிக்குக் கிடைத்த சீட்

எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் போதும், தெருவே அந்தப் பிள்ளைக்கு அப்பா அம்மா ஆகிவிடும். பால் பூத்தில் கேட்பார்கள், கோயிலில் திருநீறு பூசிக்கொண்டே கேட்பார்கள், "அடுத்து என்ன கோர்ஸ்?" என்று. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்த ஊரில் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான். ஒரே விஷயம் என்று சொன்னது பொய். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் படியும் தூசி, எதிர் வீட்டு நாய் என்று இன்னும் நாலைந்து உண்டு. ஆனால் முதலில் எரிச்சல் வருவது இதற்குத்தான்.

தேவயானி எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண். நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அவள் அப்பா மாடசாமி அண்ணன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். சுரங்கத்தில், வெட்டிய கரியை மேலே ஏற்றிவரும் பெல்ட்டில் வேலை. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சுதான். அம்மா விஜயகுமாரி அதிகம் பேசாத மனுஷி. அண்ணன் ஜெயகணேஷ் இவளைவிட ரொம்பப் பெரியவன். நான் காடாம்புலியூர்க்காரி. என் வீட்டுக்காரர் அதே சுரங்கக் கம்பெனியில் கிளார்க். மாடசாமி அண்ணன் என்னைத் தங்கச்சி என்பார், அதனால் பிள்ளைகளுக்கு நான் அத்தை.

அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காத பாடம் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. என் மிக்ஸி நின்றுபோனால் கடைக்குக் கொண்டுபோக விடமாட்டாள். கழற்றிப் போட்டுவிடுவாள். பாதி தடவை ஓடும், பாதி தடவை கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஜூலையில் புத்தகக் கண்காட்சி வந்துவிட்டால் மாலையில் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரு நாள் சரித்திரப் புத்தகத்தோடு வருவாள், மறுநாள் பாம்புகளைப் பற்றிய புத்தகம், அதற்கு மறுநாள் கணக்குப் புதிர். எது கையில் இருக்கிறதோ அதையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்வாள். நானும் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டுவேன்.

எல்லாவற்றிலும் கூடுதலாக அவளுக்குப் பிடித்தது மேப். பத்தாவது படிக்கும்போது எங்கள் பிளாக்கையே ஒரு பெரிய அட்டையில் வரைந்தாள். எந்த வீட்டுப் பலா முன்னால் பழுக்கும், எந்த மாமரம் புளிக்கும், எந்தக் கிணற்றடி முருங்கை சும்மா பூத்துக் கொட்டும் என்று அத்தனையும் அதில் இருந்தது. தெருவே வந்து பார்த்தது. "இதைத் தூக்கி உள்ள வைடி, திருடனுக்கு வழி காட்டாதே" என்று விஜயகுமாரி கத்தினாள். அந்த வருஷம் என் வீட்டுப் பலா இரண்டு நிஜமாகவே காணாமல் போனது. மேப்பின் தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வந்தது. வந்த அன்றைக்கே தெரு வேலையை ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது வீட்டுப் பேச்சியம்மாள் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு எதையும் படிப்பு என்று ஒத்துக்கொள்ளாதவள். பின் தெரு சங்கரலிங்கம் எலக்ட்ரிக்கல் என்றால் கரன்ட் இருக்கும்வரை வேலை இருக்கும் என்றார். இதற்கு நடுவே தேவயானி எங்கேயோ தேடி ஒரு படிப்பைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ். மேலே சுற்றுகிற சாட்டிலைட் எடுக்கும் படத்தை வைத்து நிலத்தை அளப்பது, மேப் போடுவது, எங்கே தண்ணீர் இருக்கிறது எங்கே கரை உடையும் என்று பார்ப்பது. சென்னையில் ஒரு அரசுக் கல்லூரியில் இருந்தது. அவள் மார்க்குக்குக் கிடைக்கும். "ஜியோன்னா என்னம்மா, சிம் கார்டு விக்கிறதா?" என்று சங்கரலிங்கம் கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அவர் கேட்டதற்கு நான் கோபப்பட்டேன். ஆனால் அந்தப் படிப்பு படித்தவர் ஒருவரையாவது தெரியுமா என்றால் எனக்கும் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. வேலை கிடைக்குமா, சம்பளம் எப்படி இருக்கும், கேட்க ஆளில்லை.

ஒரு மாதம் அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்தேன். காலையில் மேப் என்பாள், மத்தியானம் கம்ப்யூட்டர்தான் சரி என்பாள், சாயந்திரம் எதுவுமே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பாடு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. விஜயகுமாரி சுவரோரம் வந்து, "அக்கா, எனக்குப் பயமா இருக்கு, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள். நான் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். சொல்வதற்குத்தான் ஊரே இருக்கிறதே.

அப்புறம் ஒரு நாள் நான் பின்பக்கம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, முடிவு பண்ணிட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"அப்போ இவ்ளோ நாளு மேப்பு மேப்புன்னு சொல்லிகினு இருந்தியே, அது?"

ஒரு சுளையை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே சொன்னாள். "அப்பாவுக்கு வர்ற மே மாசம் ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வடலூர் மனையில பேஸ்மட்டம் மட்டும்தான் நிக்குது. அண்ணன் கான்ட்ராக்ட், என்னைக்கு வேலை இருக்கும்னு அவனுக்கே தெரியாது. நாலு வருஷத்துல வீட்டுக்கு நிச்சயமா ஒரு சம்பளம் வந்தாகணும் அத்தை. கம்ப்யூட்டர் எனக்குப் பிடிக்காம ஒண்ணும் இல்ல. அதுலயும் எனக்குப் புதிர் மாதிரி நிறைய இருக்கு. மேப்பை ஞாயித்துக்கிழமை போட்டுக்கலாம்."

"அழுதியா?"

"அழுதேன். அது முடிஞ்சிபோச்சு."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் படிக்கப் போயிருக்கிறார்கள். எல்லாரையும் யாராவது அனுப்பி வைத்தார்கள். தன் வீட்டைப் பார்த்து, தன் மனசைப் பார்த்து, இரண்டையும் எடைபோட்டுத் தானே முடிவு செய்த பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த முடிவு எனக்குப் பிடித்ததா இல்லையா என்பது வேறு விஷயம்.

இங்கே ஜெயகணேஷைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் ப்ளஸ் டூ படிக்கும்போது புத்தகக் கண்காட்சியில் நடக்கும் குறும்படப் போட்டிக்கு ஒரு படம் எடுத்தான். என் வீட்டுக் கூடத்தில்தான் எடுத்தான், நான் கூட ஒரு காட்சியில் காய் நறுக்கினேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கேமரா பிடித்துப் போய்விட்டது. விஸ்காம் படிக்கிறேன் என்றான். "சுரங்கமும் பவர் ஸ்டேஷனும் இருக்கிற ஊர்ல எவனாவது கேமராவைத் தூக்குவானா? மெக்கானிக்கல் படில, காலத்துக்கும் சோறு உண்டு" என்று மாடசாமி அண்ணன் சொல்லிவிட்டார். அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்த சோறு அதுதான். பையன் மெக்கானிக்கல் படித்தான். சென்னையில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி என்று கொஞ்ச நாள் போனான், திரும்பி வந்தான். கம்பெனிப் பரீட்சை எழுதினான், கிடைக்கவில்லை. இப்போது ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், பெர்மனென்ட் என்ற ஒரு வார்த்தை இல்லாவிட்டால் பெண் கொடுக்க யோசிப்பார்கள், வணக்கம் சொல்லக்கூட யோசிப்பார்கள். ஜெயகணேஷ் அப்பாவோடு சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

அப்படிப்பட்டவன்தான் எங்கள் பிளாக்குக்கே கவுன்சலிங் அண்ணன். இன்ஜினியரிங் சேர்க்கை முழுக்க இப்போது கம்ப்யூட்டரில்தானே. கல்லூரியையும் படிப்பையும் பிடித்த வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். நம் ரேங்குக்கு முறை வரும்போது மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். எனவே எதை மேலே வைக்கிறோம் என்பதுதான் எல்லாமே. இந்தக் கணக்கு ஜெயகணேஷுக்கு அத்துப்படி. அதனால் பிள்ளைகளின் பாஸ்வேர்டை அப்பா அம்மாக்களே கொண்டுபோய் அவனிடம் கொடுத்துவிட்டு, "நீயே பாத்துப் போட்ருப்பா" என்று வந்துவிடுவார்கள். பிள்ளைகள் பக்கத்தில்கூட இருக்கமாட்டார்கள். எங்கள் தெருவில் இது வழக்கம். கரன்ட் பில் கட்டக் கொடுத்தனுப்புவதுபோல.

தேவயானியும் அப்படித்தான் விட்டாள். சொந்த அண்ணன், எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? அவனோடு உட்கார்ந்து வரிசையைத் தானே சொன்னாள். மேலே எல்லாம் நல்ல கல்லூரிகளின் கம்ப்யூட்டர் சயின்ஸ். ரொம்பக் கீழே, ஒரு பேச்சுக்கு, அந்த ஜியோ படிப்பு. கடைசி நாளன்று, போன வருஷ கட்ஆஃபை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு வரிசையைப் பூட்டிவிடுகிறேன் என்றான். பூட்டிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. அவள் கண்காட்சியில் ஒரு புத்தகக் கடையில் உதவிக்கு நின்றுகொண்டிருந்தாள். சரி என்று போய்விட்டாள்.

அன்றைக்கு நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மாடசாமி அண்ணன் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வரிசையைப் பூட்டுவதற்கு அவர் போனுக்குத்தான் ஓடிபி வரும். போன் சத்தம் கேட்டது. "ஏல, நம்பர் வந்திருக்கு" என்று எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தார். ஜெயகணேஷ் உள்ளே லேப்டாப்பில் தட்டினான். "முடிஞ்சிதாப்பா?" என்று நானும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "முடிஞ்சிது அத்தை" என்று வெளியே வந்து சொன்னான். அவன் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். தங்கைக்கு நல்லது நடக்கப்போகிறது என்ற சிரிப்பு என்றுதான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான், பாவி.

சீட் வந்த அன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தது. அந்த வீட்டில் குரல் உயரவே உயராது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கூடத்தில் லேப்டாப் திறந்திருந்தது. தேவயானி அதையே பார்த்துக்கொண்டு, "தப்பா வந்திருக்கு அண்ணா. என் ரேங்குக்கு கம்ப்யூட்டர் கண்டிப்பா கிடைக்கணும். ஜியோ எப்படி வரும்? அது கீழ இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"தப்பா வரல" என்றான் ஜெயகணேஷ். "நான்தான் மேல வெச்சேன். உனக்குப் பிடிச்சதுதானே? பயந்துக்கிட்டுத்தானே அதைக் கீழ வெச்ச? எனக்குத் தெரியாதா உன்னை?"

அவள் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறான். கையைக்கூட லேசாக விரித்தான்.

"யாரைக் கேட்டு வெச்ச?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லியிருப்ப."

"வேணாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சே வெச்சியா?" அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "நான் பயந்து வெக்கல. யோசிச்சு வெச்சேன். ஒரு மாசம் யோசிச்சேன். உனக்கு அப்பா செஞ்சதைத்தான் நீ எனக்குச் செஞ்சிருக்க. அப்பாவாவது நேருக்கு நேரா சொல்லிச் செஞ்சாரு."

மாடசாமி அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். விஜயகுமாரிக்கு எது நல்ல செய்தி, எது கெட்ட செய்தி என்றே புரியவில்லை. "மாத்திக்கலாம்ல? மாத்திக்கலாம்ல?" என்று எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

மாற்ற முடியாது. அதில்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கிடைத்த சீட்டை வைத்துக்கொண்டு, வரிசையில் அதற்கு மேலே இருப்பது கிடைத்தால் போகிறேன் என்று காத்திருக்க வழி உண்டு. ஆனால் இவளுக்குக் கிடைத்ததே வரிசையின் முதல் இடம். அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. கம்ப்யூட்டர் எல்லாம் கீழே கிடந்தது. பிடித்ததை உச்சியில் வைத்தவன் ஏணியையும் எடுத்துவிட்டான். ஒன்று இதற்குப் போக வேண்டும், இல்லை இதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்கு நிற்க வேண்டும். அடுத்த சுற்றில் இவள் கேட்ட கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சீட் மிச்சம் இருக்காது. பேர் தெரியாத கல்லூரிகளில்தான் இருக்கும். முடிவு சொல்ல இரண்டு நாள் அவகாசம்.

நான் ஜெயகணேஷை வாசலில் நிறுத்தித் திட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தையைப் பொறுக்க வராது. "ஏண்டா, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அவங்க சொன்ன மாதிரி போட்டுக் குடுத்தியே, உன் தங்கச்சிக்கு மட்டும் ஏண்டா இப்படிப் பண்ண?"

"அஞ்சு வருஷமா எல்லாருக்கும் மேல கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு வெச்சு வெச்சு கை மரத்துப்போச்சு அத்தை. ஒரு பிள்ளைக்காவது பிடிச்சது கிடைக்கட்டுமேன்னுதான்..."

"பிடிச்சது எதுன்னு சொல்றதுக்கு நீ யாருடா?"

"நான் அவ நல்லதுக்குத்தான் அத்தை செஞ்சேன்."

"அதையேதாண்டா உங்கப்பாவும் சொன்னாரு" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்போதே தோன்றியது. ஆனால் சொன்னது நிஜம்.

அந்த இரண்டு நாளும் ஜெயகணேஷ் வேலைக்குப் போகவில்லை. மாடசாமி அண்ணன் சுவரோரம் வந்து நின்றார். "இவனை அன்னைக்கு மெக்கானிக்கல்ல தள்ளுனது நான் தங்கச்சி. இன்னைக்கு அவன் அவளைத் தள்ளிட்டான். நம்பரை வாசிச்சுக் குடுத்தவனும் நாந்தான். என்ன நம்பர்னு ஒரு வார்த்தை கேட்டேனா?" என்றார். எத்தனை கனமான பெல்ட் அறுந்தாலும் பதறாத மனுஷன், நின்றபடியே அழுதார். மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இரண்டாம் நாள் சாயந்திரம் தேவயானி கூடத்துக்கு வந்து லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். போனில் ஓடிபி வந்தது. "நம்பர் வந்திருக்கும்மா, வாசிக்கட்டுமா?" என்று மாடசாமி அண்ணன் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"போனைக் குடுங்கப்பா" என்று வாங்கிக்கொண்டாள். தானே பார்த்துத் தானே தட்டினாள். பேர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தால் நினைத்த சம்பளமும் வராது, நினைத்த படிப்பும் இல்லை. அந்தக் கணக்கையும் அவள் போட்டுத்தான் இருப்பாள். ஜியோவுக்கே ஒப்புக்கொண்டாள்.

வீடு மூச்சுவிட்டது. விஜயகுமாரி கேசரி கிண்டி எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். "எப்படியோ ஆசைப்பட்ட படிப்புதானேக்கா" என்றாள். தெருவும் அதையேதான் சொன்னது. அண்ணன் தைரியமாகச் செய்தான், தங்கை கொடுத்துவைத்தவள் என்று பேச்சியம்மாள்கூடக் கட்சி மாறிவிட்டாள். மகளின் பாஸ்வேர்டோடு அடுத்த சுற்றுக்கு அவனிடமே வந்தாள். "உங்க பொண்ணை வந்து உக்காரச் சொல்லுங்க. அவ இல்லாம நான் தொடமாட்டேன்" என்று அனுப்பிவிட்டான். திமிர் என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள்.

சென்னைக்குக் கிளம்பும் நாள் வரை ஜெயகணேஷ் தங்கைக்கு ஒவ்வொன்றாக வாங்கிவந்தான். பெட்டி, வாளி, பூட்டு, மழைக்கோட்டு. அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கோபமாகப் பேசவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆறிவிட்டாள் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காலையில் ஆட்டோ வந்தது. துணைக்குப் போகும் மாடசாமி அண்ணன் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஜெயகணேஷ் பெட்டியைப் பின்னால் வைத்து, கயிறு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். அப்புறம் ஆட்டோவுக்குள் குனிந்து, கூச்சத்தோடு, "பிடிச்ச படிப்பு. சந்தோஷமாப் படி" என்றான்.

தேவயானி அவனைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "நாலு வருஷம் கழிச்சு வேலை கிடைக்கலைன்னா எல்லாரும் உன்னைத் திட்டுவாங்க. கிடைச்சா உன்னாலதான் கிடைச்சிதும்பாங்க. அப்போ நான் எதுக்குண்ணா போறேன்?"

ஜெயகணேஷ் பெட்டிக் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எடுப்பா" என்று மாடசாமி அண்ணன் டிரைவரிடம் சொன்னார்.